மீன் அன்று அது

சென்ற ஆண்டு ஆவணி மாதத்து மாலை ஒன்றிலே, எங்கள் பிராசீன பாடசாலையிற் பாலபண்டித வகுப்பிற் பயிலும் மாணவர் ஒருவர், ஏனையோர் எழுந்து சென்ற பின்பும் இருந்த இடத்தைவிட்டு அசையாதிருந்தார். மன்னார்ப் பகுதியிற் கரையூர் ஒன்றைச் சேர்ந்தவர். இங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கின்றவர். “ஐயா, ஒரு விண்ணப்பம் எழுதித் தரவேண்டும்” என்றார். விண்ணப்பம், வாழ்த்துமடல், அந்தியேட்டிக் கல்வெட்டு ஆகிய மூன்றுக்கும் பண்டிதரைத் தேடி வருதல் எங்கள் ஊர் வழக்கமாதலின் நான் வியப்புறவில்லை. தாளொன்றை எடுத்து வைத்துக்கொண்டு விடயம் யாதென வினவினேன்.

அவருடைய தகப்பனார் கடற்றொழிலாளர். ஓரிரவு திருக்கை வலை விட்டுவிட்டு விடியற்காலையில் வலையை எடுக்கச் சென்றிருக்கிறார். வலையிற் பெரியதொன்று சுற்றுண்டு கிடந்தது. மூக்கை நீர்மட்டத்துக்கு மேலே நீட்ட முயல்வதும் இயலாது தாழ்வதுமாக இருந்தது. வலைக்குப் புறத்தே அதன் குட்டி சுற்றிச் சுற்றி வந்தது. தகப்பனார் கத்தியை எடுத்தார். அதனைக் கொல்லுதற்கன்று, வலையை அறுத்தற்கு. தாயும் குட்டியும் போய்விட்டன. வலையிற் பாதிக்கு மேற் பழுதாயிற்று. அது கடனுக்கு வாங்கிய வலை. கரைக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது சிலர் நகைத்தனராம். இறைச்சியை மறைவில் விற்றிருந்தால் வலைக்கடனும் தீர்ந்து வேறொரு வலையும் வாங்கியிருக்கலாமே என்பது அவர்களுடைய கணக்கு.

நான் விண்ணப்பத்தைத் தொடங்கி, ‘எனது வலையில் அகப்பட்ட பெருமீன் ஒன்றை’ என எழுதினேன். மாணவர் எட்டிப் பார்த்தார்.

“ஐயா, மீன் என்று போடவேண்டாம். அது மூச்செடுக்கிறது, பால் கொடுக்கிறது. மீன் என்று போட்டால், மீனை ஏன் விட்டாய் என்றுதான் கேட்பார்கள்.”

என் எழுதுகோல் நின்றுவிட்டது. சொல்லொன்று பிழைத்ததற்காக மாத்திரமன்று. அப்பிழையை எங்கள் வீடு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்திருந்தது என்பது அந்தக் கணத்திலேயே எனக்கு நினைவு வந்தது.

1981ஆம் ஆண்டு, எனக்குப் பதினொரு வயது. மன்னாரில் உத்தியோகம் பார்த்த அம்மான் விடுமுறைக்கு வருகையில் பனையோலைக் குட்டானிற் பொதிந்து இறைச்சி கொண்டுவந்தார். செந்நிறமான, மாட்டிறைச்சியை ஒத்த இறைச்சி. எங்களுடையது சைவக் குடும்பம். மீன் உண்போம், மாடு அடுக்களைக்குள் வருவதில்லை. அம்மா ஐயுற்று நின்றார். “அக்கா, இது கடலிற் பிடித்தது. பெரிய மீன். நம்பிச் சமையுங்கள்” என்றார் அம்மான். அம்மா சமைத்தார், எல்லோரும் உண்டோம், நான் இருமுறை வாங்கி உண்டேன். அவ்விலங்கு 1970 முதல் இந்நாட்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காப்பில் உள்ளதென்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதன் பெயர் கடற்பசு என்பதை அன்றிரவு யாரேனும் உரைத்திருப்பின், அம்மா சட்டியையே வெளியில் வீசியிருப்பார். ‘மீன்’ என்ற ஒரு சொல்லே அதனை எங்கள் உலையில் ஏற்றியது.

ஆதலால் அன்று விண்ணப்பத்தை இடையில் நிறுத்திவிட்டு, இவ்விலங்கைப் பற்றி அறிய முயன்றேன். அயலிலுள்ள கல்லூரியில் உயிரியல் கற்பிக்கும் நண்பர் நூல்கள் தந்து உதவினார். மாணவரும் தம் ஊர்ச் செய்திகளைச் சொன்னார். அவ்வாறு அறிந்தவற்றுள் என் மனத்திற் பதிந்தவற்றை ஈண்டு எழுதுகிறேன்.

முதலிற் பெயர். மன்னார்க் கரையில் இதனை ஆவுளியா என்பர். கடற்பன்றி என்பாரும் உளர். ‘ஆவுளியா’ என்பதன் முதலெழுத்திலே பசுவைக் குறிக்கும் ‘ஆ’ நிற்பதைக் கண்டு என் உள்ளம் துள்ளியது உண்மை. ஆயினும் சொல்லாராய்ச்சி என்னும் பெயரால் ஆசையை விற்பது எனக்கு உடன்பாடன்று. ஆகவே அதனை அவ்வளவில் விடுகிறேன். ஆங்கிலேயர் வழங்கும் ‘டூகொங்’ என்னும் பெயர் மலாய் மொழியின் ‘டூயோங்’ என்பதன் திரிபாகும். இதன் உறவினமாகிய மனாட்டி மேற்குலகத்தது. அதில் மூன்று சாதிகள் உள்ளன: அமெரிக்காவின் கீழைக்கரையிலும் கரிபியக் கடலிலும் ஒன்று, அமேசன் ஆற்று நன்னீரில் ஒன்று, ஆபிரிக்காவின் மேலைக்கரையில் ஒன்று. மனாட்டியின் வால் துடுப்பைப் போல வட்டமானது. நமது கடற்பசுவின் வால் திமிங்கிலத்தின் வாலைப்போலப் பிளவுபட்டது. மனாட்டி ஆற்றிலும் வாழும். கடற்பசு கடலைவிட்டுப் போகாது.

இவ்வினம் முழுவதற்கும் விலங்கியலார் சூட்டிய பெயர், பாட்டிசைத்து மாலுமிகளை மயக்கிய கிரேக்கக் கதைக் கன்னியராகிய சைரன்களின் பெயரினின்று பிறந்ததாகும். 1493 தையில் கொலம்பசு, தாம் கடற்கன்னியர் மூவரைக் கண்டதாகவும், ஓவியத்திற் காட்டப்படும் அளவுக்கு அவர்கள் அழகியர் அல்லர் எனவும் குறிப்பெழுதினார். அவர் கண்டவை மனாட்டிகளே என்பர். நமது கரைக்கும் இக்கதையிற் பங்குண்டு. இலங்கையிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்று, 1861இல் வெளியிட்ட நூலில், 1560ஆம் ஆண்டு மன்னாரில் ஆணும் பெண்ணுமாக ஏழு கடல்மாந்தர் பிடிபட்டதாகவும், கோவைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்குப் போர்த்துக்கேய இராசப்பிரதிநிதியின் வைத்தியரால் அறுத்துப் பார்க்கப்பட்டதாகவும், உள்ளுறுப்புக்கள் மனிதருடையவற்றை ஒத்திருந்ததாகவும் யேசுசபையார் எழுதிய செய்தியை எடுத்துக் காட்டுகிறார். இந்தக் கோவை, இந்தியாவின் மேலைக்கரையிலுள்ள போர்த்துக்கேயர் தலைநகர். ஒருவர் கன்னி என்றார். என் அம்மான் மீன் என்றார். இரண்டு பெயராலும் அவ்விலங்குக்கு நன்மை விளைந்ததில்லை.

உண்மையில் அது யானைக்கு உறவு. இன்றுள்ள விலங்குகளுள் இதற்கு மிக நெருங்கிய சுற்றம் யானையே என்பது எலும்பாராய்ச்சியாலும் குருதியின் மரபணு ஆராய்ச்சியாலும் துணியப்பட்ட செய்தி. சில மனாட்டிகளின் துடுப்பு நுனியில் யானைக்காலின் நகம் போன்ற நகங்கள் இன்றும் காணப்படுகின்றன. வளர்ந்த கடற்பசு ஆணுக்கு மேலுதட்டின் கீழே சிறிய கொம்புகள் இரண்டு வெளிப்படும். பாலூட்டும் காம்புகள் முன்துடுப்பின் அடியிலே, யானைக்கு முன்காலிடையில் உள்ளவாறே, அமைந்துள்ளன. தொல்காப்பிய மரபியல் யானையின் இளமைக்குக் கன்று, குழவி என்னும் பெயர்களை உரிமையாக்குகிறது. ஆகவே விண்ணப்பத்திற் ‘குட்டி’ என்பதை அடித்துக் ‘கன்று’ என எழுதினேன். ஆணைக் களிறு எனவும் பெண்ணைப் பிடி எனவும் எழுதலாமா என மாணவரைக் கேட்டேன். “அலுவலகத்திலே குழம்பிவிடுவார்கள், ஐயா” என்றார். அவர் சொல்வதும் சரி.

வளர்ந்த கடற்பசு ஏறத்தாழ 3 மீற்றர் நீளமும் 400 கிலோகிராம் அளவான நிறையும் உடையது. எலும்புகள் கனத்து இறுகியவை. கப்பலின் அடிப்பாரம் போல உடலைத் தாழ்த்தி நிறுத்துவன. நுரையீரல் முதுகின் நீளத்துக்குப் படுத்துக் கிடப்பது. அதனாற் பெருமுயற்சியின்றி உடலைச் சமநிலையில் வைத்துக்கொள்ளும். மூக்குத்துளைகள் முகத்தின் மேற்பக்கத்தே மூடித் திறக்கும் அடைப்புக்களோடு உள்ளன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலெழுந்து மூச்சுவிட்டு மீண்டும் தாழ்ந்துவிடும். மேலெழும்போது மூக்கு மாத்திரமே வெளித்தெரியும். கவனியாதவர் கண்ணில் அதுவும் படாது. ஒலி எழுப்பி ஆர்ப்பரிப்பதில்லை. தாயும் கன்றும் மெல்லிய கீச்சொலியால் ஒன்றையொன்று அறியும். கண்பார்வை கூர்மையற்றது. முகத்திலுள்ள தடித்த மயிர்களே அதற்குக் கைவிரல்.

வலை அதற்குக் காலனாவது எவ்வாறு என்பது இதனால் விளங்கும். மீன் வலையிற் சிக்கினால் நீருக்குள்ளேயே மூச்செடுத்துக்கொண்டு நெடுநேரம் கிடக்கும். கடற்பசு சிக்கினால், அடுத்த மூச்சுக்கு மேலெழ முடியாது மூழ்கி மாளும். இரவெல்லாம் கடலில் நிற்கும் பெருங்கண் வலைக்கு இரக்கம் இல்லை. அதனை விட்டவனுக்குக் கொல்லும் எண்ணமும் இல்லை. மாணவரின் தகப்பனார் வலையண்டை சென்றது விடியற்காலையில். கால்மணி நேரம் தாமதித்திருப்பின் அறுப்பதற்கு வலை மிஞ்சியிருக்கும், உயிர் மிஞ்சியிராது.

இனி அதன் உணவு. இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். என்னையும் இவ்விடமே நிறுத்தியது. கடலிலே புல்வெளிகள் உள்ளன. பாசியன்று, வேரும் தண்டும் இலையும் பூவும் விதையும் உடைய மெய்யான தாவரங்கள். காற்றிற் கரையொதுங்கும்போது நம்மவர் சாதாழை என அள்ளிச் சென்று தோட்டத்துக்குப் பசளையாக இடும் குப்பையில் இப்புல்லும் அடங்கும். அதன் மறுபுறத்தை நான் ஒருபோதும் எண்ணியதில்லை. நீண்ட நாடா போன்ற இலையுடைய ஒரு வகையில் ஆண்பூக்கள் காம்பற்று மேலெழுந்து நீர்மட்டத்தில் மிதந்து சென்று பெண்பூவைச் சேர்கின்றனவாம். நெய்தல் நிலத்துக்குப் புன்னையும் தாழையும் முண்டகமும் கூறிய நம் புலவர்கள், அலைக்குக் கீழே பூக்கும் இம்மலரைப் பாடியதாக நான் படித்தவரையிற் காணவில்லை. அவர்களைக் குறை கூறேன். கரையிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது.

கடற்பசுவின் முகம் கீழ்நோக்கி வளைந்தது. தரையோடு முகத்தை வைத்து, புல்லை வேரோடு பறித்து உண்டுகொண்டே செல்லும். சென்ற வழியில் உழுசால் போல நீண்ட தடம் விழும். நாளொன்றுக்கு 30 அல்லது 40 கிலோகிராம் புல் அதற்கு வேண்டும். சிறிய முட்டைவடிவ இலைகொண்ட மென்மையான புல்லில் அதற்கு விருப்பம் அதிகம். உண்ட தடத்தில் இளம்புல் மீண்டும் தளிர்க்கும். விதைகள் சாணத்தோடு வேறிடங்களிற் பரவும். எனவே அது மேய்ச்சற் காட்டை அழிக்கும் விலங்கு அன்று, பேணும் விலங்கு என்பர். அப்புல்வெளியே இறாலுக்கும் நண்டுக்கும் ஓரா மீனுக்கும் கடலட்டைக்கும் வளருமிடம். கடற்றொழிலாளியின் அடுப்பு எரிவதும் அதனாலேதான்.

புல்லுக்கு வேண்டுவது வெயில். பாக்குநீரிணையும் மன்னார்க் குடாவின் கரையோரமும் ஆழங்குறைந்தவையாதலின் வெயில் அடித்தளம்வரை இறங்குகின்றது; அதனாலேயே இங்குப் புல் செழித்தது; புல் செழித்ததனாலேயே கடற்பசு இங்கு வந்தது. நீர் கலங்கினால் வெயில் நின்றுபோம். அடித்தளத்தை வாரிச் செல்லும் இழுவைமடி புல்லை வேரோடு பெயர்ப்பது ஒன்று. எழுப்பிய சேறு எஞ்சிய புல்லின்மேற் படிந்து வெயிலை மறைப்பது மற்றொன்று. இத்தொழிலை இலங்கை 2017இற் சட்டத்தால் தடுத்தது. எதிர்க்கரையிலிருந்து இழுவைப் படகுகள் வருவது நின்றபாடில்லை; அது நாளாந்தச் செய்தியாகிவிட்டது. அங்குள்ள கூலித் தொழிலாளியும் தமிழன், இங்கு வலையிழந்து நிற்பவனும் தமிழன். இவ்வழக்கிற் கடற்பசுவுக்காக முன்னிலையாவார் எவரும் இலர்.

புல் அழிந்தால் நேர்வது யாதென்பதைப் புளோரிடாவில் உலகம் கண்டது. ஐக்கிய அமெரிக்காவின் அம்மாநிலத்திற் கீழைக்கரையிலே இந்தியன் ஆறு என்னும் பெயருடைய நீண்ட களப்பு உண்டு. மலக்கழிவும் பசளையும் பல ஆண்டுகளாக அதில் வடிந்தன. அவற்றை உண்டு பாசி பெருகி நீரை மூடிற்று. வெயிலிழந்த புல் பரப்புப் பரப்பாக மடிந்தது. 2021ஆம் ஆண்டில் மாத்திரம் அம்மாநிலத்தில் ஏறத்தாழ 1,100 மனாட்டிகள் இறந்தன. பெருந்தொகையானவை பட்டினியால் இறந்தவை. வேறிடம் நாடிப் போகலாகாதோ எனின், மனாட்டிக்குக் குளிர் ஆகாது. நீர் 20 பாகைக்குக் கீழே சென்றால் நோயுற்று மடியும். ஆதலால் மாரியில் வெந்நீரூற்றை ஒத்த இளஞ்சூட்டு நீரூற்றுக்களையும், மின்னிலையங்கள் வெளிவிடும் சூட்டுநீரையும் நாடிக் கூட்டமாக ஒதுங்கும். சூடு உள்ள இடத்திற் புல் இல்லை. புல் தேடிப் போனாற் குளிர். அந்த மாரியிலே அரசினர் மின்னிலையம் ஒன்றின் அருகே சலாது இலையைக் கொட்டி அவற்றுக்கு உணவளித்தனர்; தொகை 90 தொன்னுக்கு மேல். காட்டுவிலங்குக்குச் சோறிடலாகாது என்று மக்களுக்குச் சட்டம் விதித்த அரசே அவ்வாறு செய்ய நேர்ந்தது. விரைவுப் படகுகளின் சுழல்விசிறி வேறொரு கேடு. பல மனாட்டிகளை ஆராய்ச்சியாளர் தனித்தனி அடையாளங் காண்பது முதுகிலுள்ள வெட்டுத் தழும்புகளைக் கொண்டுதான்.

நமது கடலிற் குளிர் இல்லை. அந்த வகையில் நமது கடற்பசு நற்பேறுடையது. வேண்டுவன தெளிந்த ஆழங்குறைந்த நீர், அதன் அடியில் வெயில்பட்ட புல், மூச்சுக்கு மேலெழ வலையில்லாத வழி ஆகியவையே. எனினும் இவற்றோடு இன்னுமொன்று வேண்டும். அதனைத் தருதல்தான் நமக்கு அரிது. காலம்.

கடற்பசு எழுபது ஆண்டுவரை வாழும். கொம்பை அறுத்து அதன் வளையங்களை எண்ணி இதனைக் கண்டனர். ஆனால் முதற்கன்றை ஈனுதற்கே ஆறு ஆண்டு முதற் பதினேழு ஆண்டுவரை செல்லும். சூல் ஓராண்டுக்கு மேற்பட்டது. ஒருமுறைக்கு ஒரு கன்று. கன்று ஒன்றரை ஆண்டளவும் தாயோடு திரிந்து பால் உண்ணும். அடுத்த கன்றுக்கு மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுவரை இடையீடு. எவ்வகை இடையூறும் இல்லாத கடலிற்கூட ஒரு கூட்டம் ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதத்துக்கு மேற் பெருகாது என்பது ஆராய்ந்தோர் முடிவு. நூறு உள்ள இடத்தில் ஆண்டுக்கு ஆறு ஏழு வலையிற் சென்றாலே கணக்கு இறங்குமுகம். எண்பதிற் சந்தைக்கு வந்துகொண்டிருந்த இறைச்சி பின்பு வாராது நின்றமைக்குச் சட்டம் ஒரு காரணம். கொல்ல அதிகம் இல்லாமற் போனதும் ஒரு காரணம் என மாணவரின் தகப்பனாரே சொல்கிறாராம்.

இதனை மிகையென நினைப்பார்க்கு வடகடலின் கதையொன்று உண்டு. 1741இல் பெரிங் தீவிற் கப்பலுடைந்து ஒதுங்கிய கூட்டத்தில் ஸ்டெல்லர் என்னும் மருத்துவ அறிஞர் இருந்தார். 8 மீற்றர் அளவு நீண்ட பெருங்கடற்பசுவை அங்கே கண்டு எழுதி வைத்தார். பெண் குத்துண்டால் ஆண் அதனைவிட்டு அகலாது கரைவரை தொடர்ந்து வந்ததையும் அவர் குறித்துள்ளார். அதன்பின் அவ்வழியே உரோம வேட்டைக்குச் சென்றவர்கள் அதன் இறைச்சியையே வழிச்சோறாகக் கொண்டனர். 1768ஆம் ஆண்டளவில் ஒன்றுகூட எஞ்சவில்லை. அறிவுலகம் கண்டதற்கும் உலகினின்று மறைந்ததற்கும் இடையே 27 ஆண்டுகள். ஒரு கடற்பசுவின் வாழ்நாளிற் பாதியும் இல்லை. நம் காலத்திலே, சீனக் கரையில் இவ்விலங்கு வாழும் நிலையில் இல்லாதொழிந்ததென 2022இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர்.

அதே 2022இல் தமிழ்நாட்டு அரசினர் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரம் 448 சதுரக் கிலோமீற்றர் கடற்பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தனர். அங்கே வலையிற் சிக்கியதை விடுவிக்கும் கடற்றொழிலாளரை அழைத்துப் பாராட்டிப் பரிசளிக்கும் வழக்கமும் உண்டு. நற்செய்திதான். ஆனால் அக்கடலும் இக்கடலும் ஒன்று. 1974இலும் 1976இலும் இரு அரசுகளும் வரைந்த எல்லைக்கோடு கடற்பசுவின் முகத்து மயிருக்குத் தட்டுப்படாது. அங்கே பரிசு பெற்று விடுபட்டது இங்கே வந்து மேயலாம். இங்கே வலையறுத்து விட்டது அங்கே சென்று கன்று ஈனலாம்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். இவ்வளவும் அறிந்தபின் அதனை மூன்றாம் முறையாக எழுதினேன். இரண்டு தாள் வந்தது. சட்டம் கொல்லாதே என்கிறது; அது நன்று. கொல்லாதவன் இழந்ததை யார் தருவது என்பதற்குச் சட்டத்தில் விடை காணேன். ஒரு வலை என்பது எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரருக்கு ஒரு பொருள். அவனுக்கு அது நாளைய சோறு. கத்தியை வலையில் வைப்பதா, விலங்கில் வைப்பதா என்று இருளில் தனியே நின்று ஒருவன் முடிவுசெய்யும்போது, அவனுடைய நல்ல மனத்தை மாத்திரம் நம்பி ஓர் இனத்தைக் காக்க நினைப்பது அவனுக்குச் செய்யும் அநீதி. இதனை விண்ணப்பத்தில் இவ்வாறு எழுதவில்லை, பணிவாகவே எழுதினேன். இழந்த வலையின் விலையிற் பாதியேனும் உதவ வேண்டுமெனக் கேட்டோம். ஐப்பசியிற் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மறுமொழி வரவில்லை.

சித்திரை வருடப்பிறப்புக்கு ஊர் சென்று திரும்பிய மாணவர், தகப்பனார் எஞ்சிய வலையைப் பொத்திச் சிறுதொழில் செய்கிறார் என்றார். கடல் தெளிந்து கிடந்த ஒரு காலையிலே மகனை வள்ளத்தில் ஏற்றிச் சென்று, புல்வெளிமேல் நிறுத்திக் கீழே காட்டினாராம். புல்லினூடே அகன்ற தடம் ஒன்று நீண்டு சென்றது. அதன் பக்கத்தே ஒடுங்கிய தடம் இன்னொன்று.

இரண்டாவது விண்ணப்பத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். இச்செய்தியையும் அதிற் சேர்க்க வேண்டுமென்கிறார் மாணவர், சேர்த்திருக்கிறேன்.